மலைப்பாதையில் டிஃபரன்ஷல் ஒயில்: கிலோமீற்றரை விட ஏற்றம்தான் கணக்கு

மலைநாட்டில் பஸ் ஓட்டுகிறவரிடமோ லொறி ஓட்டுகிறவரிடமோ எஞ்சின் ஒயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். கிலோமீற்றர் கணக்கோடு உடனே பதில் வரும். பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷல் ஒயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பலருக்கு யோசிக்க வேண்டியிருக்கும். "சத்தம் ஒண்ணும் இல்லையே" என்பதுதான் வழக்கமான பதில்.

ஆனால் சத்தம் வரும்போது காரியம் கைமீறியிருக்கும். உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிறவுண் வீலும் அதைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி, சோடியாக வருபவை. ஒன்றின் பல் கெட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் பெரிய அளவில் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளைத்தான் எல்லோரும் பாடுபட்டு ஓட்டினார்கள். இன்றும் ஹட்டன், தலவாக்கலை, வெலிமடைப் பக்கம் ஓடும் கொழுந்து லொறிகளும் மரக்கறி லொறிகளும் பெரும்பாலும் வயதானவைதான். ஒரு சோடி கிறவுண், பினியன் வாங்கும் காசில் அந்த அச்சுக்கு எத்தனையோ தடவை ஒயில் மாற்றிவிடலாம்.

எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பி இரண்டு சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் டிஃபரன்ஷலின் வேலை. திருப்பும்போதே வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது. எடுத்துக்காட்டாக, எஞ்சின் 400 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தருகிறது, முதல் கியர் அதை 7 மடங்காக்குகிறது, டிஃபரன்ஷல் இன்னொரு 6 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பினியனுக்கு வருவது 2,800, கிறவுண் வீலில் இருந்து போவது 16,800 நியூட்டன் மீற்றர். இவ்வளவு விசையும் ஒரு நேரத்தில் ஒருசில பற்களின் மேல்தான் விழுகிறது.

கனரக வண்டிகளில் பரவலாக இருப்பது ஹைப்பொயிட் வகைப் பற்கள். இதில் பினியன், கிறவுண் வீலின் நடுக்கோட்டில் இருந்து விலகி அமர்ந்திருக்கும். அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் வழுக்கும்போது சாதாரண ஒயில் படலம் பிய்ந்துவிடும். இதற்காகவே டிஃபரன்ஷல் ஒயிலில் கந்தகமும் பொசுபரசும் கலந்த சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். பற்கள் உரசிச் சூடாகும் இடத்தில் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படையொன்றை உண்டாக்கும். கேனைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி இந்தக் கந்தகத்துடையதுதான். கேனில் ஜிஎல்-5 என்று போட்டிருந்தால், ஹைப்பொயிட் பற்களுக்குத் தேவையான அளவு இந்தச் சேர்மங்கள் அதில் உண்டு என்று பொருள்.

இதுவரை சொன்னது எந்த ஊர் வண்டிக்கும் பொருந்தும். மலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது.

கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கும் கீழே இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். புசல்லாவ, றம்பொடை வழியாக அந்த ஏற்றத்தைச் சுமையோடு ஏறும் வண்டி பெரும்பகுதி நேரம் கீழ்க் கியர்களில் ஊர்கிறது. 10.00-20 அளவு லொறி டயரின் சுற்றளவு ஏறக்குறைய 3.3 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும்போது கிறவுண் வீல் நிமிடத்துக்குச் சுமார் 300 தடவை சுற்றும். கொண்டை ஊசி வளைவில் 15 கிலோமீற்றரில் ஏறும்போது 76 தடவைதான். அச்சுக்குள் பெரும்பாலும் தனியாக ஒயில் பம்ப் கிடையாது. கிறவுண் வீல் அடியில் கிடக்கும் ஒயிலை அள்ளி மேலே வீச வேண்டும், அது வழிந்துபோய்ப் பெயாரிங்குகளை நனைக்க வேண்டும். வேகம் குறைந்தால் வீச்சும் குறையும். அதாவது பற்களின் மேல் பாரம் உச்சத்தில் இருக்கிற நேரத்தில்தான் ஒயில் வரத்து ஆகக் குறைவு.

அதோடு வண்டியின் சாய்வு வேறு. பினியன், கிறவுண் வீலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முன்பக்கப் பெயாரிங், ஒயில் ஊற்றும் துளையிலிருந்து 30 சென்ரிமீற்றர் முன்னால் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். 100 மீற்றருக்கு 10 மீற்றர் உயரும் ஏற்றத்தில் வண்டி முன்பக்கம் தூக்கி நிற்கும்போது, அந்தப் பெயாரிங் ஒயில் மட்டத்தைப் பார்க்க 3 சென்ரிமீற்றர் மேலே போய்விடும். சமதரையில் நனைந்துகொண்டிருந்தது ஏற்றத்தில் கிறவுண் வீல் வீசுவதை மட்டும் நம்பி இருக்கிறது. அளவு சரியாக இருந்தால் அது போதும். ஆனால் ஏற்கெனவே ஒரு லீற்றர் குறைவாக இருந்தால்? புத்தளம் வீதியில் அந்த வண்டி நெடுநாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடலாம். றம்பொடையிலோ பெரகலையிலிருந்து அப்புத்தளை ஏறும் பாதையிலோ பினியன் பெயாரிங் அவ்வளவு பொறுக்காது.

இறக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கினிகத்தேனையிலிருந்து கித்துள்கலைக்கு இறங்கும்போது நல்ல சாரதி கியரில் பிடித்து, எஞ்சின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் போட்டுத்தான் இறக்குவார். அப்போது சில்லு எஞ்சினைச் சுழற்றுகிறது. பல்லின் முன்முகத்தில் விழுந்த பாரம் பின்முகத்துக்கு மாறும், பினியனைத் தள்ளும் திசையும் எதிர்ப்பக்கமாகும். சமவெளி வண்டியில் பெரிதாக வேலை இல்லாத அந்தப் பின்முகத்துக்கு மலை வண்டியில் நாள்தோறும் வேலை உண்டு. பிரேக் ட்ரம்மின் சூடும் சில்லின் நடுப்பகுதியான ஹப் வழியாக, கசிவைத் தடுக்கும் ஒயில் சீலுக்குப் போய்ச் சேர்கிறது.

அதனால்தான் மலையில் ஓடும் வண்டிக்குக் கிலோமீற்றரை மட்டும் பார்த்து ஒயில் மாற்றுவது சரிவராது என்கிறேன். ஒரு கொழுந்து லொறி கொழுந்து பறிக்கும் மலைகளுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் இடையே நாளுக்கு 40 கிலோமீற்றர், வருடத்தில் 300 நாள் ஓடினாலும் 12,000 கிலோமீற்றர்தான் வரும். 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதென்றால் மூன்று வருடத்துக்கு மேலாகும். அந்த மூன்று வருடமும் அது முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும், சேற்றிலும் மழையிலும் ஓடியிருக்கும். ஒயிலின் வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அது கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. வாகனக் கையேடுகளிலேயே கடும் பாவனைக்கு வேறு இடைவெளி போட்டிருப்பார்கள். மலைநாட்டு வண்டி எதுவானாலும் அந்தக் கடும் பாவனை வரியைத்தான் பார்க்க வேண்டும். கிலோமீற்றர் எட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. புது வண்டியிலோ, புதிதாகக் கிறவுண், பினியன் போட்ட அச்சிலோ முதல் ஒயிலை வெகு சீக்கிரமே இறக்கிவிட வேண்டும். பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புத்தூள் முழுவதும் அதில்தான் இருக்கும்.

சரி, மாற்றுவது எப்படி? வண்டி கொஞ்சம் ஓடி வந்த பிறகு, ஒயில் சூடாக இருக்கும்போது இறக்குவதுதான் முறை. சூட்டில் ஒயில் இளகி, தூசு துகளையும் சேர்த்துக்கொண்டு வரும். நுவரெலியாவின் காலைக் குளிரில் இறக்கினால் பாதி அழுக்கு அச்சின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். சூடான ஒயில் கையைச் சுட்டுவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லுகளுக்குக் கட்டை வைக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. எங்கள் பக்கத்துத் தரையில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பவே முடியாது.

முதலில் கழற்ற வேண்டியது அடியிலிருக்கும் பிளக்கை அல்ல, ஊற்றும் துளையின் பிளக்கை. அது துருப்பிடித்து இறுகியிருந்தால், ஒயிலை முழுவதும் இறக்கிவிட்டுப் புது ஒயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நின்றுவிடும். மேல் பிளக் திறந்திருந்தால் காற்று போய் ஒயிலும் தடையில்லாமல் இறங்கும். பிளக்கைச் சுற்றியுள்ள சேற்றைக் கழற்றுவதற்கு முன்பே கம்பித் தூரிகையால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த மண்தான் முதலில் உள்ளே விழும்.

அடிப் பிளக் பெரும்பாலும் காந்தம் வைத்தது. அதைக் கழற்றியதும் துடைத்து எறிந்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி மெல்லிய தூள் ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரல்களுக்கிடையே தேய்த்தால் மாவாக வழுக்கும். ஊசி போல நீண்ட துண்டோ, நகத்தில் தட்டுப்படும் செதிலோ இருந்தால் பல்லோ பெயாரிங்கோ உடைய ஆரம்பித்திருக்கிறது. புது ஒயில் ஊற்றினாலும் அது சரியாகாது, திறந்து பார்த்தே ஆக வேண்டும். இறங்கும் ஒயிலில் மஞ்சள் மினுமினுப்புத் தெரிந்தால் உள்ளிருக்கும் வெண்கல வொஷர்கள் தேய்கின்றன, அதைக் காந்தம் பிடிக்காது. கருத்துப்போய்த் தீய்ந்த வாடை வந்தால் ஒயில் அதிகம் சூடாகியிருக்கிறது. பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் எப்படிப் புகுகிறது என்பது மலைநாட்டில் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. அச்சின் மேல்பக்கத்தில் சின்ன மூடி போட்ட மூச்சுத் துளை ஒன்று இருக்கும். பிறீதர் என்பார்கள். உள்ளே சூடாகி விரியும் காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். தோட்டத்து ரோட்டுச் சேறு அப்பிக் காய்ந்து அது அடைபட்டால், அழுத்தம் ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஹப் சீல் வழியாக வந்தால் அந்த ஒயில் போய் விழுவது பிரேக் லைனிங்கில். றம்பொடை இறக்கத்தில் ஒரு பக்கப் பிரேக் பிடிக்காமல் போவதன் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எதிர்மாறாகவும் நடக்கும். ஏற்றம் ஏறிச் சூடாக வந்த லொறியை நேரே ஓயாவில் இறக்கிக் கழுவுகிறார்கள், அல்லது சேர்விஸ் ஸ்டேஷனில் உடனே அழுத்தத் தண்ணீர் அடிக்கிறார்கள். அச்சு சட்டென்று குளிர்ந்து உள்காற்று சுருங்குகிறது. மூச்சுத் துளை அடைத்திருந்தால் அது தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பிறீதரைக் கழற்றிக் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஒயிலின் தரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட இந்த மூடியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

அப்புறம் ஊற்றுவது. ஊற்றும் துளை பக்கவாட்டில் இருப்பதால் புனல் உதவாது, கைப்பம்பும் குழாயும் வேண்டும். துளையின் கீழ் விளிம்புக்குச் சரியாக ஒயில் வந்து நின்றால்தான் அளவு நிறைந்தது. விரலை உள்ளே மடக்கி ஒயில் தொட்டுவிட்டது என்று திருப்திப்படக்கூடாது. விரல் தொடும் ஆழத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு லீற்றருக்கு மேல்கூடக் குறைவு இருக்கலாம். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. கிறவுண் வீல் ஒயிலைக் கடைந்து நுரையாக்கிச் சூடேற்றும், சீல்களும் கசியும்.

இதெல்லாம் வண்டி சமதரையில் நின்றால்தான் பொருந்தும். இங்கே ஏறக்குறைய எந்தத் தரையும் சமமில்லை. கராஜ் முன்னால் வீதியோரம் சற்று முன்சரிந்து நின்றாலே விளிம்புக் கணக்கு பொய்த்துவிடும். "அண்ணே, ஒயில் வழியுது, போதும்" என்று உதவிக்கு நிற்கும் பையன் சொல்வான். "தம்பி, லொறி எப்படி நிக்குதுன்னு மொதல்ல பாரு" என்று கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பெற்றோல் ஷெட்டின் கொங்கிறீட் தளம், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து இறக்கும் முற்றம் போன்றவை ஓரளவு மட்டமானவை. கண்ணை நம்ப வேண்டாம் என்றால், மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை எடுத்து, முன் சில்லு நிற்கும் இடத்துக்கும் பின் சில்லு நிற்கும் இடத்துக்கும் பிடித்துப் பார்க்கலாம். பிறகு இடது வலது. பத்து நிமிடத்தில் தரையின் உண்மை தெரிந்துவிடும். எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஊற்றினோம் என்று அளந்து, கையேட்டில் போட்டிருக்கும் லீற்றரோடு ஒப்பிடுவது இன்னொரு பாதுகாப்பு.

சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 15 லீற்றர் ஒயில் 60 பாகை சூடேறினால் அரை லீற்றருக்கு மேல் விரியும். ஏற்றம் ஏறி வந்த கையோடு பிளக்கைத் திறந்து பார்த்தால் இல்லாத ஒயில் இருப்பதுபோலத் தெரியும். இதற்கு நேர்மாறாக, கொஞ்ச ஒயில் இன்னும் அச்சுக் குழாயிலிருந்து வடிந்து வராமலும் இருக்கும். கைவைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு அச்சு ஆறிய பிறகு பார்ப்பதே சரி.

ஹப் பெயாரிங்குகள் எல்லா வண்டியிலும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் அவை கிறீஸில் ஓடும், நடுவில் தனிச் சீல் இருக்கும். வேறு சிலவற்றில் டிஃபரன்ஷல் ஒயிலே குழாய் வழியாகப் போய் அவற்றை நனைக்கிறது. இரண்டாம் வகையில் ஹப்பைக் கழற்றி வேலை செய்திருந்தால், நடுவில் ஒயில் நிறைந்ததும் வேலை முடியவில்லை. அச்சின் ஒரு பக்கத்தை ஜக் போட்டு 15 சென்ரிமீற்றர் அளவு உயர்த்தி ஒரு நிமிடம் வைத்திருந்தால் ஒயில் மறுபக்க ஹப்புக்கு ஓடும். அடுத்து மற்றப் பக்கம். பிறகு வண்டியைச் சமமாக நிறுத்தி மீண்டும் அளவு பார்த்தால், குறைந்திருக்கும். அந்தக் குறைவை நிரப்ப வேண்டும். வீதிச் சரிவில் இரவு முழுவதும் ஒருபக்கம் சாய்த்து நிறுத்தும் வண்டியில் தாழ்ந்த பக்க ஹப்பில்தான் ஒயில் தேங்கும், தேய்ந்த சீல் அங்கேதான் முதலில் கசியும். காலையில் சில்லின் உட்புறம் ஈரம் தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். இரண்டு பின் அச்சுள்ள டிப்பர், பவுசர்களில் முன்னால் இருக்கும் அச்சில், இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பங்கீட்டுப் பெட்டிக்கும் தனியாகக் கொஞ்சம் ஒயில் ஊற்ற வேண்டியிருக்கும்.

எந்த ஒயில் என்பதில் பேச்சு நிறைய. 80டபிள்யூ-90 என்பதும் 85டபிள்யூ-140 என்பதும்தான் இங்கே அதிகம் அடிபடும் பெயர்கள். டபிள்யூ சேர்ந்த முதல் எண் குளிரிலும், பின்னால் வரும் எண் சூட்டிலும் ஒயில் எப்படி என்பதைச் சொல்கிறது. 140 என்றால் சூட்டில் கூடுதலாகக் கெட்டியாக நிற்கும். கியர் ஒயிலின் எண்ணையும் எஞ்சின் ஒயிலின் எண்ணையும் ஒப்பிடக்கூடாது, இரண்டும் வேறு அளவைகள். 90 என்ற கியர் ஒயில், எஞ்சின் ஒயிலில் 40, 50 என்பதற்கு நெருங்கிய தடிப்புத்தான். நுவரெலியாவில் தை மாதப் பனி விழுந்தாலும் 85டபிள்யூ தாங்கும், ஏனென்றால் அந்த எண் உறைநிலைக்கும் 12 பாகை கீழே வரைக்கும் பார்த்துக் கொடுக்கப்படுவது. ஆனாலும் காலை முதல் ஏற்றத்தில் தடித்த ஒயில் பினியன் பெயாரிங்கைத் தாமதமாகத்தான் எட்டும். தேய்ந்த அச்சின் இரைச்சலை அடக்க 140 ஊற்றுவது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. சத்தம் குறையும், உண்மைதான், தேய்ந்த பல் அப்படியேதான் இருக்கும். கையேடு 140 கேட்டால் மட்டும் ஊற்றுங்கள் என்பதே என் கருத்து. மீதமான ஜிஎல்-5 ஒயிலை அப்படியே கியர் பெட்டியில் ஊற்றுவதும் ஆபத்து. பல கியர் பெட்டிகளில் பித்தளை வளையங்கள் உண்டு, டிஃபரன்ஷல் ஒயிலின் கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். பெட்டிக்கு இந்தச் சேர்மங்கள் குறைவாக உள்ள ஜிஎல்-4 சொல்லியிருந்தால் அதையே வாங்க வேண்டும்.

முடிந்ததும் பிளக்குகளுக்குப் புது வொஷர் போட்டு இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் கசிவு பாருங்கள். இரண்டு பின் ஹப்புகளுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் தெரிந்துவிடும். அந்தப் பக்கப் பெயாரிங்கையோ பிரேக்கையோ அன்றே திறக்க வேண்டும்.

இறக்கிய பழைய ஒயில் வடிகானில் போகக்கூடாது. களனி கங்கை மஸ்கெலி ஓயாவாகவும் கெஹெல்கமு ஓயாவாகவும் இந்த மலையில்தான் பிறக்கிறது. மகாவலியும் இந்த மலைத் தண்ணீர்தான். டிக்கோயாவிலோ மஸ்கெலியாவிலோ கராஜ் கானில் ஊற்றும் ஒயில் தோட்டத்து லயங்களின் பீலித் தண்ணீருக்கும், கொழும்பு வரைக்கும் குடிதண்ணீருக்கும் போகிற வழியில் இருக்கிறது. மூடியுள்ள பரலில் சேர்த்து வைத்து, பழைய ஒயில் வாங்க வருபவர்களிடம் கொடுங்கள். அதில் பிரேக் ஒயிலையோ தண்ணீரையோ கலந்துவிட்டால் அவர்கள் எடுக்க மாட்டார்கள். ஆகவே கராஜில் அதற்கென்று ஒரு பரல் தனியாக இருக்கட்டும்.